சார்ஜாவுக்கு முன்னால் எட்டு மாதம்

பசிக்காக வெளிநாடு போனேன் என்று சொன்னால் அது பொய். எங்கள் ஊர் தாமிரபரணிப் பக்கம் பேட்டை. அங்கே தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் எனக்கு நல்ல வேலை இருந்தது. தண்ணீர் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைவேன். கை சுத்தம் என்று முதலாளியே வெளியாட்களிடம் சொல்லுவார். வீட்டில் உம்மா, நான், கல்யாணமாகி ஒரு வருஷமே ஆகியிருந்த என் மனைவி. வாப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே மவுத்தாகிவிட்டார். மூன்று பேருக்கும் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனாலும் எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தெருவில் என் வயதுக்காரர்களில் ஊரில் மிஞ்சியவர்கள் நானும் இன்னும் இரண்டு பேரும்தான். மற்றவர்கள் துபாய், தமாம், மஸ்கட் என்று போய்விட்டார்கள். லீவில் வருகிறவர்கள் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வெளியே நின்று பேசுவார்கள். ரூம், கம்பெனி வண்டி, அரபாப், ஏர்போர்ட் என்று அவர்களுக்குள் ஒரு தனிப் பேச்சு. நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன். திங்கட்கிழமை பட்டறையில் இரும்பு சுற்றும்போது என் மனசு அதைவிட வேகமாகச் சுற்றும். ஒருநாள் ஷாஃப்ட் ஒன்றை அளவு குறைவாகக் கடைந்துவிட்டேன். முதலாளி திட்டவில்லை. "ஏலே, நீ இங்கன இல்ல. போணும்னா போயிட்டு வா," என்றார்.

சார்ஜாவில் ஒரு பட்டறைக்கு டர்னர் வேண்டும் என்று ஏஜென்ட் ஒருவர் ஆள் எடுத்தார். நான் பேரைக் கொடுத்தேன். அப்போது என் மனைவிக்கு ஆறு மாதம்.

"பிள்ள பொறக்கட்டும். மொகத்தப் பாத்துட்டுப் போங்களேன் மச்சான்," என்றாள்.

"விசா நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது," என்றேன்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அது வசதியாக இருந்தது.

பிப்ரவரியில் கிளம்பினேன். ரயிலேற்றிவிட ஜங்ஷனுக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். பள்ளிவாசல் லெப்பை துஆ ஓதினார். வண்டி நகர்ந்தபோது உம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத் தூணில் சாய்ந்திருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியபோது உடம்பெல்லாம் லேசாகிவிட்டது போல இருந்தது. அதை இப்போது எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலில் தாதர் வண்டி பிடித்து, பம்பாய் போய்ச் சேர்ந்தேன். அங்கே நான்கு நாள் தங்கி, மெடிக்கல் முடித்து, விமானம் ஏற வேண்டும் என்பது ஏஜென்ட் சொன்ன கணக்கு. டோங்கிரியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நீளமான கூடம். அதில் முப்பது பேர் வரிசையாகப் படுத்திருந்தோம். மலையாளிகள், ஆந்திராக்காரர்கள், எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர். அவர் கடையநல்லூர், கல்யாணச் சமையல்காரர். ஏற்கெனவே ஒன்றரை மாதமாக அங்கே இருந்தார்.

காலையில் எல்லோரும் ஏஜென்ட் ஆபீஸ் படிக்கட்டில் போய் உட்காருவோம். உள்ளேயிருந்து ஒருவன் எட்டிப் பார்த்து 'கல்' என்பான். நான் முதலில் கற்றுக்கொண்ட இந்திச் சொல் அதுதான். நாளைக்கும் அதே சொல், நேற்றைக்கும் அதே சொல் என்று சமையல்காரர் சொன்னபோது சிரித்தேன். இரண்டு வாரம் கழித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது வாரம் வீட்டுக்குப் போன் செய்தேன். எங்கள் தெரு முனையில் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் போன் உண்டு. பெயரைச் சொன்னால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். இன்னும் பம்பாயில்தான் இருக்கிறேன், தாமதமாகும், கவலைப்படாதே என்று உம்மாவிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் போன் செய்தேன். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டேன். உம்மா ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்குவது கேட்டது.

"மவனே, சேந்துட்டியா? நல்லபடியா போய்ச் சேந்துட்டியாலே?"

பின்னால் கடையில் யாரோ, "சார்ஜாவுல இருந்தா பேசுதான்?" என்று கேட்டார்கள். உம்மா அவர்களிடம், "ஆமா, எம் மவன்தான்," என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வாப்பா போன பிறகு, தெருவில் எல்லோருக்கும் வழிவிட்டு ஓரமாக நடந்தே பழகியவள் என் உம்மா.

"சேந்துட்டேன் உம்மா," என்றேன்.

"பக்கத்துத் தெருவுல நின்னு பேசுத மாதிரி கேக்கு," என்றாள்.

ஒரே ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டு வெளியே வந்து, அந்தச் சாலையில் எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்தேன். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு பல நாட்கள் அப்படித்தான் நடந்தேன். உட்கார்ந்தால் நினைப்பு வந்துவிடும்.

சும்மா இருக்க முடியாமல் குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் போய்க் கேட்டேன். பட்டறைக்காரர் மராட்டியர். எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரு இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து மிஷினைக் காட்டினார். கடைந்து கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மறுநாளிலிருந்து காலையில் ஏஜென்ட் ஆபீஸ் படிக்கட்டு, பிறகு மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு குர்லா. பேட்டையில் செய்த அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன், ஊரும் இல்லாமல், வெளிநாடும் இல்லாமல்.

ஏப்ரலில் சமையல்காரருக்கு விசா வந்துவிட்டது. அவரும் சார்ஜாவுக்குத்தான். அவர் பெட்டி கட்டும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. என் பொய்க்கு வெளிநாட்டு ஸ்டாம்ப் வேண்டியிருந்தது. ஒரு முழு நாள் உட்கார்ந்து நான்கு கடிதம் எழுதினேன். ஏப்ரலுக்கு ஒன்று, மே, ஜூன், ஜூலைக்கு ஒவ்வொன்று. மாதம் ஒன்றாகப் போடச் சொல்லி அவரிடம் கொடுத்தேன். அங்கே போனவர்கள் பேசக் கேட்டதையெல்லாம் வைத்து எழுதினேன். பணம் அனுப்பாததற்கு, முதல் வருஷச் சம்பளம் விசாக் கடனிலேயே கழிகிறது என்று ஒரு காரணமும் சேர்த்துக்கொண்டேன். மே மாதக் கடிதத்தில், பிள்ளை பிறந்த செய்தி அறிந்து சந்தோஷம் என்று எழுதினேன். ஆணா பெண்ணா என்று தெரியாததால் 'குழந்தை' என்று மட்டும் எழுதினேன். ஜூன் கடிதத்தில், இங்கே வெயில் தாங்க முடியவில்லை, மழை என்ற ஒன்று இருப்பதே மறந்துவிட்டது என்று எழுதினேன்.

சமையல்காரர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். "தம்பி, பொய்ய எழுதிக் கொடுக்கிய. நாலு மாசத்துக்கு மேல ஆச்சுன்னா என்ன செய்விய?" என்றார்.

"அதுக்குள்ள நானே வந்துருவேன்," என்றேன்.

மே மாதம் பெண் குழந்தை பிறந்தது. சேரன்மாதேவியில் மனைவியின் உம்மா வீட்டில் பிரசவம். நான் அண்ணாச்சி கடைக்குப் பேசியபோது உம்மா சொன்னாள். "ஒன்ன மாதிரியே நெத்தி. நல்லா இருக்கா." குர்லா பட்டறையில் எல்லோருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தேன். பட்டறைக்காரர் கைக்குட்டையில் ஒரு சின்ன வெள்ளிக் கொலுசு பொதிந்து தந்து, ஊருக்கு எப்போது போகிறாய் என்று சைகையில் கேட்டார். ரயிலில் இரண்டு நாள் என்று அவருக்கும் தெரியும். சைகை புரியாதவனைப் போல மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் கடைசியில் நாற்பது நாள் கழிந்து மனைவியும் பிள்ளையும் பேட்டைக்கு வந்தார்கள். அவள் முதன்முதலாக அன்றுதான் போனில் பேசினாள். நான் நின்ற பூத்துக்குத் தகரக் கூரை. பம்பாய் மழை எப்படி என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலையிலிருந்து வானம் உடைந்தது போல ஊற்றிக்கொண்டிருந்தது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கத்திப் பேசினேன்.

"பிள்ள எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. பாலு குடிச்சிட்டு உறங்குது." பிறகு கேட்டாள்: "அது என்ன சத்தம் மச்சான்?"

"மிஷின் சத்தம்."

"மழ மாதிரில்லா கேக்கு."

"இல்ல. மிஷின்தான்."

அந்த வாரம்தான் என் ஜூன் மாதக் கடிதம் வீட்டுக்குப் போயிருக்கிறது. மழை என்ற ஒன்று இருப்பதே மறந்துவிட்டது என்று அவளே அதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். எனக்கு அப்போது அது தெரியாது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கடையில் ஆட்கள் நின்றிருக்க வேண்டும்.

"எந்த ஊருல மழ பெய்யுதோ அந்த ஊரு விலாசத்த எழுதிப் போடுங்க. தபால்காரர் வார நேரம் நான் வாசல்ல நிப்பேன்."

போனை வைத்துவிட்டாள். நான் மழையில் இறங்கி நடந்தேன். மாட்டிக்கொண்டோமே என்பதைவிட, ஒருத்திக்காவது தெரிந்துவிட்டதே என்ற ஆறுதல்தான் பெரிதாக இருந்தது. அன்றே எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. அரைப் பக்கம். அவள் எழுத்து சின்னதாக, சாய்ந்து இருக்கும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கவில்லை. 'உங்கள் உம்மா இப்போது தெருவில் நடுவில் நடக்கிறார்கள். அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதை எல்லாம் உண்மை மாதிரி வாசிக்கிறேன். எனக்கும் பழகிவிட்டது. அது நல்லதாகப் படவில்லை' என்று எழுதியிருந்தாள். கடைசியில் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிறது என்று ஒரு வரி.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு பம்பாயில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று தடவை ஊருக்கு டிக்கெட் எடுக்க வி.டி. ஸ்டேஷனுக்குப் போனேன். வரிசையில் நிற்பேன். ஜன்னல் பக்கத்தில் வரும்போது, நாளைக்கே விசா வந்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றும். விலகி வந்துவிடுவேன். ஒருமுறை எனக்குப் பின்னால் நின்றவன் சட்டையைப் பிடித்து இழுத்து, எடுக்கப் போகிறாயா இல்லையா என்று சண்டைக்கு வந்தான். அவன் கேட்டதில் தப்பில்லை. கூடத்தில் பாய்களில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பழைய ஆள் என்று நான் ஒருவன்தான் மிஞ்சினேன். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் வந்து, எத்தனை நாளில் அனுப்புவார்கள் என்று விசாரித்தார்கள்.

அக்டோபரில், நம்பிக்கை போய்விட்ட சமயத்தில், விசா வந்தது. நான்கு வாரத்தில் விமானம். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தேன். அப்படியே ஏறிப் போய்விட்டால் பொய்யெல்லாம் தானாகவே உண்மையாகிவிடும். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. ஆனால் பிள்ளை முகத்தைப் பார்க்காமல் போக முடியவில்லை. மனைவிக்கு எக்ஸ்பிரஸ் தந்தி மாதிரி இரண்டே வரி எழுதிப் போட்டேன்: இரண்டு வாரம் கழித்துப் புதன்கிழமை சேரன்மாதேவி வருகிறேன், உன் உம்மா வீட்டுக்குப் போயிரு, வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்.

ஜங்ஷனில் இறங்கி, தென்காசி பாசஞ்சரில் ஏறினேன். அந்த வண்டி சேரன்மாதேவிக்கு முன்னால் பேட்டையில் நிற்கும். டவுன் ஸ்டேஷன் தாண்டியதுமே துண்டை எடுத்துத் தலையில் முக்காடு போட்டு, தூங்குகிறவனைப் போலச் சரிந்துகொண்டேன். பேட்டையில் வண்டி நின்றது. ஆட்கள் ஏறும் சத்தம், கூடைகளை வைக்கும் சத்தம், எங்கள் ஊர்ப் பேச்சு. உம்மா இருக்கும் வீடு அங்கிருந்து கால் மணி நேர நடை. துண்டுக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. வண்டி நகர்ந்த பிறகும் வெகுநேரம் முகத்தைத் திறக்கவில்லை. திறந்தபோது இரண்டு பக்கமும் உழுது தண்ணீர் கட்டிய வயல். நடவு இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

அன்றைக்குப் பிள்ளைக்கு ஊசி போடும் நாள். தன் உம்மா வீட்டிலும் சொல்லாமல், பதில் கடிதத்தில் மனைவி என்னை ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்லியிருந்தாள். வேப்பமரத்தடியில் பிள்ளைக்காரிகள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவளைத் தேடினேன். அவள்தான் முதலில் என்னைப் பார்த்தாள். மெலிந்திருந்தாள். எழுந்து வந்து பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

ஐந்து மாதப் பிள்ளை. நான் நினைத்ததைவிடக் கனம். என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. ஊசி போட்டதும் அலறி, அவள் பக்கம் தாவியது. அவள் வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"எந்த வண்டியில வந்திய?"

"தென்காசி பாசஞ்சர்."

"பேட்டையில நின்னிருக்கும்லா?"

"ரெண்டு நிமிசம்."

"இறங்கலையாக்கும்."

பிள்ளையின் அழுகை அடங்கியதும் அவளே மேலே பேசினாள்.

"உங்க உம்மா அந்தப் பழைய காயிதத்தையே எடுத்துத் தந்து ரெண்டு ரெண்டு மட்டம் வாசிக்கச் சொல்லுதாவ. மொத மட்டம் வாசிச்சிருவேன். ரெண்டாவது மட்டத்துக்குப் பிள்ள அழுவுதுன்னு பொய் சொல்லி எந்திரிச்சிருவேன். இனி என்னால ஏலாது மச்சான். சார்ஜாவுக்குப் போங்க, போவாண்டாம்னு சொல்லல. ஆனா அவுகள ஒரு எட்டு பாத்து, வாயால சொல்லிட்டுப் போங்க."

"தெருவுல என்ன சொல்லுவாங்க?"

"தெருவா உங்கள பெத்துச்சு?"

அடுத்த வண்டியிலேயே மூன்று பேரும் பேட்டைக்கு வந்தோம். இந்தத் தடவை துண்டு போடவில்லை. ஸ்டேஷனிலிருந்து நடக்கும்போது பிள்ளை என் கையில் இருந்தது. எதிரே வந்த இரண்டு பேர் ஸலாம் சொல்லி, "லீவா?" என்று கேட்டார்கள். பொதுவாகத் தலையசைத்தேன்.

உம்மா முற்றத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரக் கையோடு எழுந்து வந்து முகத்தைத் தடவினாள். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்.

"வெயிலே படாத மாதிரில்லா இருக்கே."

நின்றபடியே சொல்லிவிட்டேன். பம்பாய், படிக்கட்டு, குர்லா, சமையல்காரரிடம் கொடுத்த கடிதங்கள் எல்லாம். அவள் போய் உட்கார்ந்து அரிசியை மறுபடி களைந்தாள். இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். தண்ணீர் தெளிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"எட்டு மாசமும் அங்கனதானா?"

"ஆமா."

"ரயில்ல ரெண்டு நாளு."

"ஆமா உம்மா."

"ஒவ்வொரு தொழுகையிலயும் கடலு தாண்டிப் போன பிள்ளையக் காப்பாத்துன்னுல்லா கேட்டேன். தப்பான விலாசத்தக் கொடுத்திருக்கேன்," என்றாள். அழவில்லை. பிறகு, "சாப்பாடு என்ன செஞ்சே?" என்று கேட்டாள். அதற்கு நான் அழுதேன்.

மறுநாள் அவளே அண்ணாச்சி கடைக்குப் போய், விசா இப்போதுதான் வந்திருக்கிறது, இத்தனை நாள் மவன் பம்பாயில் இருந்தான் என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் வேண்டாம் என்றேன். "நாந்தான் போன்ல எல்லாரும் கேக்கச் சொன்னேன். நாந்தான் சொல்லணும்," என்றாள். தெருவில் ஒரு வாரம் பேசினார்கள். என்னைப் போலவே மாதக்கணக்கில் பம்பாயில் கிடந்துவிட்டு வாய் திறக்காத இரண்டு பேர் தனித்தனியாக வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அது நான் எதிர்பாராதது.

நான்கு நாள் இருந்துவிட்டுக் கிளம்பினேன். வேன் இல்லை. மனைவியும் பிள்ளையும் உம்மாவும் மட்டும் டவுன் பஸ்ஸில் ஜங்ஷன் வரை வந்தார்கள். இந்த முறை ஆற்றுப் பாலம் தாண்டும்போது உடம்பு லேசாகவில்லை.

சார்ஜாவில் நாலு வருஷம் இருந்தேன். நான் கடிதத்தில் எழுதிய சார்ஜாவுக்கும் கண்ணால் பார்த்ததற்கும் வெயிலைத் தவிர ஒற்றுமை இல்லை. சமையல்காரரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். ஜூலைக் கடிதத்தைப் போட மறந்துவிட்டதாகச் சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் ஒரு லீவு, இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் வீட்டில் உட்கார முடியாமல் தினமும் பழைய பட்டறைக்குப் போய் யாருடைய மிஷின் பக்கத்திலாவது நின்றுகொண்டிருப்பேன். "இங்கன இருக்கையில மனசு அங்கன. அங்கன இருந்தா இங்கன. எப்பந்தான் ஒரு எடத்துல இருப்பிய?" என்று மனைவி கேட்டாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்பினாள்.

கூரையை மாற்றிக் கான்கிரீட் போட்டோம். பேட்டையில் ஒரு பழைய லேத் வாங்கும் அளவுக்குச் சேர்ந்ததும் ஒரேயடியாக வந்துவிட்டேன். வந்த பிறகும் ரொம்ப நாள் விடியலில் ஐந்தரைக்கெல்லாம் விழிப்பு வந்துவிடும். கம்பெனி வண்டிக்குக் கிளம்புவது போல சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நிற்பேன். ஒருநாள் மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"எங்க கிளம்பிட்டிய?"

"பாலு வாங்க," என்றேன்.

"பாலு அப்பமே வந்தாச்சு," என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமல் அவளும் வந்து பக்கத்தில் நின்றாள்.